அமைதியாக வாழ்வது மனித உரிமையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரடியாகச் சொல்லுங்கள், அமைதி ஒரு மனித உரிமையா, இல்லையா?

எங்கே இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காங்கோவிலோ கென்யாவிலோ இருந்தால் ஆம், ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. அந்தச் சாசனம் நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கொலம்பியாவில் இருந்தால் 1991ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு அமைதியை உரிமை என்றும், கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய கடமை என்றும் சொல்கிறது. ஜப்பானில் அரசியல் சட்டத்தின் முகவுரையில் இருக்கிறது. உலகம் முழுவதற்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்றால், 2016இல் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய ஒரு பிரகடனம் இருக்கிறது. பிரகடனம்தான். நாடுகள் கையெழுத்திட்டு, மீறினால் பதில் சொல்லியாக வேண்டிய உலக ஒப்பந்தம் இதற்கென்று இன்றுவரை இல்லை.

என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் எழுதிய தீர்மானங்களைவிட, உள்ளூர் நீதிமன்றப் படியேறிய சிலர்தான் இந்த உரிமைக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கதை கீழே வருகிறது, அவசரமென்றால் அங்கேயே போய்விடலாம்.

ஐ.நா. சாசனம்தான் 1945லேயே போரைத் தடை செய்துவிட்டதே, அப்புறம் தனியாக ஒரு உரிமை எதற்கு?

தடை செய்தது உண்மை. 2ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவு, எந்த நாடும் இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தவோ, பயன்படுத்துவேன் என்று மிரட்டவோ கூடாது என்கிறது. 51ஆவது பிரிவு தற்காப்புக்கு விலக்கு தருகிறது, பாதுகாப்பு அவை அனுமதித்தால் இன்னொரு விலக்கு. ஆனால் இது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான கடமை. குண்டு விழுந்து வீடிழந்தவர் இந்தப் பிரிவைக் காட்டி யாரிடமும் போய் நிற்க முடியாது. அவருக்காக அவருடைய அரசு பேச வேண்டும், அந்த அரசே குண்டு போட்டிருந்தால் பேச ஆளே இல்லை. உரிமை என்று ஆக்கிவிட்டால் கேட்கிறவர் குடிமகன், பதில் சொல்ல வேண்டியது அரசு. இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் இத்தனை வருடச் சண்டை.

1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 28ஆவது பிரிவும் இங்கே பயன்படும். இந்தப் பிரகடனத்தில் உள்ள உரிமைகள் முழுமையாக நடைமுறைக்கு வரக்கூடிய ஒரு சமூக, சர்வதேச ஒழுங்கைப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. அமைதி என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் போர் நடக்கிற ஊரில் பள்ளிக்கூடமும் ஓட்டுரிமையும் எப்படி முழுமையாகக் கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் ஆதாரப் பிரிவு.

இந்தப் பேச்சை யார் தொடங்கி வைத்தார்கள்?

பனிப்போர்க் காலத்தில், பெரும்பாலும் சோவியத் பக்கத்து நாடுகள். 1978இல் போலந்தின் முயற்சியால் பொதுச் சபை ஒரு பிரகடனம் நிறைவேற்றியது, ஒவ்வொரு தேசத்துக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் அமைதியாக வாழும் உரிமை உண்டு என்று. ஆதரவாக 138 நாடுகள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும் ஒதுங்கிக்கொண்டன. 1984 நவம்பரில் மங்கோலியா கொண்டுவந்த "மக்களின் அமைதிக்கான உரிமை" பிரகடனத்துக்கு 92 ஆதரவு, எதிர்ப்பு இல்லை, ஆனால் 34 நாடுகள் ஒதுங்கின. ஐரோப்பாவில் ஏவுகணைகளை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. மேற்கு நாடுகள் இதைச் சோவியத் பிரசாரம் என்று பார்த்தன, அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை, ஆப்கானிஸ்தானில் படையை வைத்துக்கொண்டு அமைதி உரிமை பேசினால் யார் நம்புவார்கள்?

இதே காலத்தில் செக் நாட்டில் பிறந்த சட்ட அறிஞர் காரெல் வசாக், உரிமைகளை மூன்று தலைமுறைகளாகப் பிரித்துப் பேசினார். முதலில் பேச்சு, ஓட்டு போன்ற குடியுரிமைகள். பிறகு கல்வி, வேலை போன்றவை. மூன்றாவதாக அமைதி, வளர்ச்சி, சுற்றுச்சூழல். மூன்றாவது வகையை எந்த நாடும் தனியாகக் கொடுத்துவிட முடியாது, எல்லாரும் சேர்ந்தால்தான் உண்டு. அதனாலேயே அது உரிமையே இல்லை என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2016 பிரகடனம் என்ன சொல்கிறது?

மொத்தம் ஐந்தே பிரிவுகள். முதல் பிரிவு: எல்லா மனித உரிமைகளும் வளர்க்கப்பட்டு, பாதுகாக்கப்பட்டு, வளர்ச்சி முழுமையாக நிறைவேறும் வகையில் அமைதியை அனுபவிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. இரண்டாவது, நாடுகள் சமத்துவத்தையும் நீதியையும் சட்டத்தின் ஆட்சியையும் மதிக்க வேண்டும், அச்சத்திலிருந்தும் வறுமையிலிருந்தும் விடுதலை தர வேண்டும். மூன்றாவது, எல்லாரும் இதற்குத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். நான்காவது, அமைதிக் கல்வி. ஐந்தாவது, இதை ஐ.நா. நோக்கங்களுக்கு மாறாகப் பொருள்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான். ஆயுதக் குறைப்பு என்று ஒரு பிரிவு கிடையாது, மீறினால் என்ன என்பதும் கிடையாது.

நான்கு வருடம் முன்னால் இது இப்படி இல்லை. 2012இல் ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலின் ஆலோசனைக் குழு தந்த வரைவில் 14 பிரிவுகள் இருந்தன. ஆயுதக் குறைப்பு, ராணுவத்தில் சேர மறுக்கும் உரிமை, தனியார் ராணுவ நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு, ஒடுக்குமுறையை எதிர்க்கும் உரிமை, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம், அகதிகள் எல்லாம் அதில் உண்டு. அதன் பிறகு கோஸ்டா ரிக்காவின் தூதர் கிறிஸ்டியன் கியர்மெட் தலைமையில் ஒரு பணிக்குழு உட்கார்ந்தது. எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். எதிர்த்தவர்களின் ஓட்டு கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2016 டிசம்பர் 19 அன்று 131 ஆதரவு, 34 எதிர்ப்பு, 19 நாடுகள் ஒதுங்கின. எதிர்ப்பே இல்லாத 1984ஐ விடப் பிளவு கூடியிருந்தது. சமரசம் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் விலை கொடுத்தும் பொருள் கைக்கு வரவில்லை என்பது கணக்கு.

எதிர்த்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? அமைதியை யார் எதிர்ப்பார்கள்?

அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பலவும் சொன்ன வாதம் இதுதான்: அமைதி என்பது மனித உரிமைகள் நிறைவேறுவதால் வரும் நிலை, அது தனி உரிமை ஆகாது, இந்த உரிமைக்குச் சர்வதேசச் சட்டத்தில் ஒத்துக்கொள்ளப்பட்ட வரையறை கிடையாது, போரும் அமைதியும் பாதுகாப்பு அவையின் வேலை, மனித உரிமைகள் கவுன்சில் கூடும் ஜெனீவாவில் பேச வேண்டியதில்லை. வரையறை பற்றிய வாதம் வலுவானதுதான். மற்றதில் நாற்காலிக் கவலையும் இருக்கிறது, பாதுகாப்பு அவையில் வீட்டோ வைத்திருக்கும் நாட்டுக்கு அந்த விவகாரம் வேறு மேடைக்குப் போவது எப்படிப் பிடிக்கும்?

ஆதரித்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. அதே ஆண்டு ஜூலையில் மனித உரிமைகள் கவுன்சிலில் நடந்த வாக்கெடுப்பில் (34 ஆதரவு, 9 எதிர்ப்பு, 4 ஒதுங்கல்) ஆதரவாகக் கை தூக்கியவர்களில் ரஷ்யாவும் சவூதி அரேபியாவும் உண்டு. ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. சவூதி விமானங்கள் யேமனில் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. எனவே வாக்குப் பட்டியலை வைத்து யார் நல்லவர் என்று முடிவு செய்தால் ஏமாந்துதான் போவோம்.

சரி, எங்காவது ஒரு நீதிமன்றம் இதை ஒத்துக்கொண்டிருக்கிறதா?

ஒத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது கோஸ்டா ரிக்கா வழக்கு.

1948இல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, அதில் வென்ற தலைவர் ஹோசே ஃபிகரெஸ் அந்த நாட்டின் ராணுவத்தையே கலைத்தார். அடுத்த வருட அரசியல் சட்டத்தின் 12ஆவது பிரிவில், நிரந்தர ராணுவம் கிடையாது என்று எழுதிவைத்தார்கள். 1983இல் நிரந்தர நடுநிலை என்று அறிவிப்பும் வந்தது. இப்படிப்பட்ட நாட்டின் பெயர் 2003 மார்ச்சில், இராக் மீது போர் தொடுத்த அமெரிக்காவின் ஆதரவு நாடுகள் பட்டியலில் இருந்தது. அதிபர் ஆபெல் பச்சேகோவின் அரசு வாய்வார்த்தை ஆதரவு கொடுத்ததன் விளைவு. அனுப்ப ஒரு சிப்பாய்கூட இல்லாத நாடு!

லூயிஸ் ராபர்ட்டோ சமோரா என்ற சட்டக் கல்லூரி மாணவர் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அரசியல் சட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கறிஞர் சங்கமும் மக்கள் குறைதீர்ப்பாளர் அலுவலகமும் தனியாக வழக்குத் தொடுத்தன. 2004 செப்டம்பர் 8 அன்று தீர்ப்பு: அரசு கொடுத்த ஆதரவு செல்லாது, வெள்ளை மாளிகைப் பட்டியலிலிருந்து நாட்டின் பெயரை நீக்கச் சொல்லுங்கள். நீக்கவும் செய்தார்கள். சமோரா அதோடு நிற்கவில்லை. யுரேனியம், தோரியம் எடுக்கவும் அணு உலை உருவாக்கவும் வழி திறந்த ஓர் அரசாணையையும் எதிர்த்துப் போனார், 2008இல் அந்தப் பகுதிகள் ரத்தாயின. அமைதி என்பது போர் இல்லாமல் இருப்பது மட்டுமல்ல, போருக்கு வழிவகுப்பதை அரசு தவிர்க்கவும் வேண்டும் என்ற போக்கில் போனது நீதிமன்றம். அந்த ஆணையைப் போட்டது ஆஸ்கர் அரியாஸ் ஆட்சி, 1987இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர் அவர்.

ஜப்பானில் என்ன நடந்தது?

அங்கே கதை கொஞ்சம் விசித்திரமானது. உலக மக்கள் எல்லாருக்கும் அச்சமும் வறுமையும் இன்றி அமைதியாக வாழும் உரிமை உண்டு என்று 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் முகவுரை சொல்கிறது. 9ஆவது பிரிவு போரையே கைவிடுகிறது. ஆனாலும் தற்காப்புப் படை என்ற பெயரில் ராணுவம் வளர்ந்தது.

ஹொக்கைடோவில் நாகனுமா என்ற ஊர். நீர்ப்பிடிப்புக்காகக் காப்புக்காடாக வைத்திருந்த இடத்தில் நைக்கி ஏவுகணைத் தளம் கட்ட அரசு அந்தக் காப்பை நீக்கியது. ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது: தற்காப்புப் படையே அரசியல் சட்டத்துக்கு விரோதம், போர் வந்தால் ஏவுகணைத் தளம்தான் முதல் குறி, எனவே பக்கத்தில் இருப்பவர்களின் அமைதியாக வாழும் உரிமை பாதிக்கப்படுகிறது. மூன்றே வருடத்தில் உயர் நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது, 1982இல் உச்ச நீதிமன்றம் வழக்குத் தொடுக்கவே இவர்களுக்குத் தகுதியில்லை என்று முடித்துவிட்டது.

2008 ஏப்ரல் 17 அன்று நகோயா உயர் நீதிமன்றத்தில் வந்தது அடுத்த தீர்ப்பு. இராக்குக்குத் தற்காப்பு விமானப்படையை அனுப்பியதை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். ஆயுதம் தாங்கிய வெளிநாட்டுப் படையினரைப் பாக்தாத்துக்கு விமானத்தில் கொண்டுபோய் விடுவது 9ஆவது பிரிவை மீறுவது என்றும், அமைதியாக வாழும் உரிமை வெறும் அலங்காரச் சொல் இல்லை, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடியது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்த மனுதாரர்களின் உரிமை நேரடியாக மீறப்படவில்லை என்று இழப்பீட்டை மறுத்துவிட்டது. கேட்டது கிடைக்காததால் தோற்றது மனுதாரர்கள், ஜெயித்தது அரசு. ஜெயித்தவர் மேல்முறையீடு செய்ய முடியாதே! தோற்றவர்களோ தீர்ப்பின் காரணத்தில் மகிழ்ந்து மேலே போகவில்லை. இப்படித்தான் அந்தத் தீர்ப்பு அப்படியே நிலைத்தது. விமானப்படைத் தளபதி தமொகாமி அப்போது ஒரு நகைச்சுவை நடிகரின் வசனத்தை எடுத்து, "அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்ற பொருளில் பேசியது தனிக் கதை. அந்த வருடக் கடைசியில் படை திரும்பியது.

ஆப்பிரிக்காவில் ஒப்பந்தமே இருக்கிறது என்றீர்களே, அங்கே போர் நின்றதா?

நிற்கவில்லை. 1981 ஆப்பிரிக்கச் சாசனத்தின் 23ஆவது பிரிவு எல்லா மக்களுக்கும் உள்நாட்டு, சர்வதேச அமைதிக்கும் பாதுகாப்புக்கும் உரிமை தருகிறது. 2003இல் அந்தச் சாசனத்தின் துணை ஒப்பந்தமாக வந்த மபுட்டோ நெறிமுறை பெண்களுக்கு அமைதியான வாழ்வுக்கான உரிமையையும், அமைதி முயற்சிகளில் பங்கேற்கும் உரிமையையும் தனியாகச் சேர்த்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசு 1999இல் புருண்டி, ருவாண்டா, உகாண்டா மூன்றின் மீதும், சாசனத்தைக் கண்காணிக்கும் ஆப்பிரிக்க ஆணையத்தில் புகார் கொடுத்தது; 2003இல் ஆணையம், கிழக்குக் காங்கோவை இந்தப் படைகள் ஆக்கிரமித்தது 23ஆவது பிரிவு உட்படப் பல பிரிவுகளை மீறியது என்று சொன்னது. சொன்னதோடு சரி, ஆணையத்தின் கையில் போலீஸ் இல்லை.

உகாண்டா விஷயத்தில் சர்வதேச நீதிமன்றம் 2005இல் தனியாகத் தீர்ப்பளித்து, 2022இல் 32.5 கோடி டாலர் இழப்பீடும் நிர்ணயித்தது, ஆனால் அது படைபலத் தடையையும் மற்றச் சட்டங்களையும் வைத்துப் போட்ட கணக்கு, அமைதி உரிமையை வைத்து அல்ல. ருவாண்டா அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வராமல் தப்பியது. 2025 ஜனவரியில் ருவாண்டா ஆதரவு பெற்ற எம்23 என்ற கிளர்ச்சிப் படை கிழக்குக் காங்கோவின் கோமா நகரத்தைப் பிடித்தது.

உயிர் வாழும் உரிமையை வைத்தே இதையெல்லாம் கேட்க முடியாதா?

முடியும், வக்கீலாக யோசித்தால் அதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். குடியுரிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான 1966 உடன்படிக்கையின் 6ஆவது பிரிவு உயிர் வாழும் உரிமை. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு 2018இல் வெளியிட்ட 36ஆவது பொது விளக்கத்தில், ஆக்கிரமிப்புப் போர் தொடுத்து அதில் உயிர்கள் போனால், அந்த நாடு 6ஆவது பிரிவைத் தானாகவே மீறிவிட்டது என்று எழுதியது. 2016 பிரகடனம் சொல்லத் தயங்கிய இடம் இது. ஆனால் தனிநபர் அந்தக் குழுவிடம் புகார் கொடுக்க, அவருடைய புகாருக்கு உள்ளாகும் நாடு ஒரு கூடுதல் நெறிமுறையில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியா சேரவில்லை. இலங்கை 1997இல் சேர்ந்தது, ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படிச் சேர ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை, உள்நாட்டில் அதற்குச் சட்ட வலு இல்லை என்று சொல்லிவிட்டது.

போரைத் தூண்டிப் பேசுவது குற்றமா?

அதே உடன்படிக்கையின் 20ஆவது பிரிவு, போர்ப் பிரசாரம் எதுவானாலும் சட்டத்தால் தடை செய்யப்பட வேண்டும் என்கிறது. தொலைக்காட்சி விவாதங்களை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். அமெரிக்கா பேச்சுச் சுதந்திரத்தைக் காட்டி இதை ஏற்கவில்லை; அமைதிக்குப் பேர்போன நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்துகூட இந்த உட்பிரிவுக்கு விலக்குக் கேட்டு வைத்திருக்கின்றன.

போர் தொடுத்த தலைவரைப் பிடித்து விசாரிக்க முடியுமா?

ஓரளவு. 2018 ஜூலை 17 முதல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கலாம். ஆனால் அந்த நீதிமன்றத்தில் சேராத நாட்டவர் மீது இந்தக் குற்றத்துக்கு அது கைவைக்க முடியாது, பாதுகாப்பு அவை அனுப்பிவைத்தால் தவிர. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா எதுவும் உறுப்பினர் இல்லை.

உள்நாட்டுப் போருக்கு இந்த உரிமை பொருந்துமா? இலங்கையை நினைத்துக் கேட்கிறேன்.

எழுத்துப்படி பொருந்தும், ஆப்பிரிக்கச் சாசனம் உள்நாட்டு அமைதி என்றே சொல்கிறது, 2016 பிரகடனமும் "ஒவ்வொருவருக்கும்" என்கிறது. நடைமுறையில் உள்நாட்டு விவகாரம் என்ற ஒரு சொல் எல்லாக் கதவையும் சாத்திவிடும். 2009 மே மாதக் கடைசியில் மனித உரிமைகள் கவுன்சில் இலங்கை பற்றிச் சிறப்பு அமர்வு கூட்டி, போர் முடிந்ததை வரவேற்றுத் தீர்மானம் போட்டது. 29 ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 ஒதுங்கல், இந்தியா ஆதரவு. அந்தக் கடைசி மாதங்களில் ஐ.நா. அமைப்பே தன் கடமையில் தவறியது என்று 2012இல் சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள் ஆய்வு சொன்னது. அன்று அமைதி உரிமை ஒப்பந்தமாக இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. போரில் பொதுமக்களைக் காக்கக் கையில் ஏற்கெனவே இருந்த ஜெனீவா ஒப்பந்தங்களையே யாரும் எடுக்கவில்லை.

இந்தியாவில் ஒருவர் இதை வைத்து வழக்குப் போடலாமா?

நேரடியாகக் கஷ்டம். அரசியல் சட்டத்தின் 51ஆவது பிரிவு, சர்வதேச அமைதியை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது, ஆனால் அது வழிகாட்டு நெறி, 37ஆவது பிரிவின்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. மீதமிருப்பது 21ஆவது பிரிவு, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமை. அதற்குள் சுத்தமான காற்றையும் வாழ்வாதாரத்தையும் கொண்டுவந்த உச்ச நீதிமன்றம், 1997இல் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் சர்வதேச ஒப்பந்தத்தைத் துணைக்கு அழைத்து அடிப்படை உரிமைக்குப் பொருள் சொன்னது. அந்தப் பாதையில் யாராவது போய்ப் பார்க்கலாம். பாதுகாப்பு, வெளியுறவுக் கொள்கை என்று வந்தால் நம் நீதிபதிகள் பெரும்பாலும் தள்ளியே நிற்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஜெனீவாவில் நம் நிலைப்பாடும் மாறியிருக்கிறது: 2012இல் பணிக்குழு அமைக்கும் தீர்மானத்தில் இந்தியா ஒதுங்கியது, 2016இல் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது.

துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டா?

கட்டாய ராணுவச் சேவை இல்லாத நமக்கு இது தூரத்துக் கேள்வி. தென் கொரியாவில் 2018 வரை ஜெயில் தண்டனைக்குரிய கேள்வி. அங்கே ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், சேர மறுத்து வழக்கமாக ஒன்றரை வருடம் சிறையில் கழித்தார்கள். மேலே சொன்ன மனித உரிமைக் குழு, அதே 1966 உடன்படிக்கையில் மனசாட்சிச் சுதந்திரத்துக்கான 18ஆவது பிரிவை வைத்து, இது மீறல் என்று 2006இலேயே சொல்லிவிட்டது. கொரிய அரசு அசையவில்லை. 2018 ஜூன் 28 அன்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், மாற்றுச் சேவைக்கு வழியில்லாத சட்டம் செல்லாது, 2019 முடிவதற்குள் திருத்துங்கள் என்றது. 2020 அக்டோபரில் மாற்றுச் சேவை தொடங்கியது: 36 மாதம், ராணுவத்தில் சேர்ந்தவர்கள் இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேலை செய்யும் இடம் சிறைச்சாலை. முன்பு கைதியாகப் போனவர்களின் தம்பிமார் இப்போது அங்கே சமையலும் துப்புரவும் செய்கிறார்கள், இந்த 36 மாதமே ஒரு தண்டனை என்று அதற்கும் வழக்குப் போட்டார்கள்.